மெடிக்கல் வேண்டாம் என்று சொன்னவள்

பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியலைக் கம்பஸ் அறிவித்தல் பலகையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒட்டியிருந்தார்கள். பெயர்கள் இல்லை, சுட்டெண்கள் மட்டும். என் தங்கச்சி அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள், குசினிக்குள் வந்தாள், நான் மீன் வெட்டிக்கொண்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் போனை வைத்தாள்.

"என்ன இது?"

"மேலயிருந்து நாலாவது என்ர நம்பர்."

"பாஸ் பண்ணினாக்களின்ர லிஸ்டோ?"

"சோதினையே இன்னும் நடக்கேல்லையக்கா. எழுத ஏலாத ஆக்களின்ர லிஸ்ட்."

மீன் கையோடு கதிரையில் இருந்துவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு விளக்கினாள். விரிவுரைகளுக்கு நூற்றுக்கு எண்பது வரவு வேண்டுமாம். அவளுக்கு அது இல்லை. பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை. இந்த முறை எழுதாவிட்டால் அடுத்த வருடம் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு எழுத வேண்டும். அப்போது எவ்வளவு புள்ளி எடுத்தாலும் இரண்டாந்தரம் எழுதியவள் என்று சாதாரண சித்தி, வெறும் பாஸ்தான் போடுவார்களாம். பட்டத்தில் முதலாம், இரண்டாம் வகுப்பு என்று வராது. வகுப்பு இல்லாத பட்டத்தோடு வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நான் வேலை செய்யும் கந்தோர் விறாந்தையில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நானே எத்தனை தரம் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

"நாலு பாடமுமோ?"

"நாலும்தான். அக்கா, நான் விட்டிடுறன். டவுனில உடுப்புக் கடையில ஆள் எடுக்கினமாம்."

அதைக் கேட்டபோது எனக்கு வந்தது அழுகை இல்லை. அழுகை எனக்கு எளிதாக வரும். அன்றைக்கு வரவில்லை. "படிப்பை விட்ட ஆள் இந்த வீட்டில ஒண்டு காணும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினேன்.

அந்த ஒன்று நான். ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் தவணையில் அம்மா தங்கச்சியைப் பெற்றுவிட்டுப் பதினோராம் நாள் கண்ணை மூடினா. அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே பதில் நானாக இருந்தது. அப்பாவும் போனபின் பாலையூற்றில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோரில் தேத்தண்ணீர் போடுகிறேன், கோப்பு தூக்குகிறேன். பன்னிரண்டு வருடமாகிவிட்டது. எந்த மேசையில் கோப்பு தூங்கும், எந்த மேசையில் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லாக் கந்தோரும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நான் பயந்த ஆள். கதவைப் பூட்டிவிட்டு ரோட்டுவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். தங்கச்சி பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை போனைக் கையிலேயே வைத்திருப்பவள். அவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்த அன்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே அவள் அங்கே தனியாக என்ன செய்வாள் என்று பயப்படத் தொடங்கிவிட்டேன்.

முதல் வருடம் இரண்டாம் அரையாண்டில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பிளேட்லெட் இறங்க இறங்க நான் வார்ட் வாசலில் நின்று செபமாலை உருட்டினேன். ஒருவழியாக ஏறத் தொடங்கியது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில் ஒரு இளம் டொக்டர் அட்டையை எழுதிக்கொண்டே கேட்டார்.

"படிக்கிற பிள்ளையா? மெடிக்கல் சேர்டிபிகேட் வேணுமா?"

"வேண்டாம் டொக்டர். எங்களுக்கு உண்மையான வருத்தம்."

அவர் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் கந்தோரில் மெடிக்கல் என்பது வருத்தம் வராதவர்கள் கொண்டுவருவது. மடுக் கோயில் பெருநாளுக்குப் போனவருக்கு வயிற்றோட்டம் என்று வரும். பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்திய வீடு வைத்தவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஒரு அம்மா தம்பியின் கலியாணத்துக்கு மூன்று நாள் நின்றுவிட்டு, கையில் மருதாணியோடு தோல் வருத்தம் என்று ஒரு மெடிக்கல் கொண்டுவந்தா. கந்தோர்ப் பெரியவர் கையைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். இப்படிப் பார்த்துப் பழகிய எனக்கு, சாவின் வாசல்வரை போய் வந்த பிள்ளைக்கு அந்தக் கடதாசியைக் கேட்பது அவமானமாகப் பட்டது.

அதற்குப் பதிலாக நான் ஒரு லீவு லெட்டர் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்த காலத்தில் எழுதியதுபோல, கோடு போட்ட தாளில். எனது தங்கை காய்ச்சல் காரணமாக வகுப்புக்குச் சமுகமளிக்க முடியாதிருப்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்று. அதைக் கொண்டுபோய்க் கம்பஸ் கேற்றில் நின்ற பாதுகாவலரிடம் கொடுத்தேன்.

"ஆரிட்டக் குடுக்கிறது?"

"வகுப்பு ரீச்சரிட்ட."

"அப்பிடி ஒராள் இங்க இல்லையே, பிள்ளை."

"அப்ப பெரியவரிட்டக் குடுங்கோ அண்ணை."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு தன் பெரிய கொப்பியில் ஏதோ எழுதிவிட்டுக் கடிதத்தை அதற்குள் வைத்தார். எழுதிக்கொண்டார் அல்லவா, அதுவே போதும் என்று திருப்தியாக வந்துவிட்டேன்.

டொக்டர் சொன்னது ஏழு நாள் ஓய்வு. நான் அவளைப் பதினாறு நாள் வீட்டில் வைத்திருந்தேன். எட்டாம் நாள் அவள் பையைத் தூக்கினாள். பிடித்து வைத்தேன். "லெட்டர் குடுத்திருக்கிறன்தானே. உடம்பு முக்கியம். முகத்தைப் பார், சுண்ணாம்பு மாதிரி." பப்பாசி இலைச் சாறும் மாதுளம்பழமுமாக ஒன்பது நாள் கூடப் போயிற்று. அதற்கு முன்னும் மழை கூடிய நாட்களில் அவளைப் போகவிடாமல் மறித்திருக்கிறேன்.

விடுதியில் நிற்கும் பிள்ளைகளுக்கு மேல் வகுப்பு அக்காமார் இதெல்லாம் சொல்லிக் கொடுப்பார்களாம். இவள் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவள். இங்கிலிசில் நடக்கும் விரிவுரையில் கடைசி வரிசையில் இருந்து, விளங்காததை விளங்கின மாதிரிக் கேட்டுவிட்டு வருவாள். அவளுக்குச் சொல்ல வீட்டில் நான்தான். எனக்குச் சொல்ல ஆர்?

புதன்கிழமை கந்தோரில் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். நான் வரவேண்டாம் என்றாள். போனேன். பீட அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்த பெண் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தா.

"மெடிக்கல் தந்தனீங்களோ?"

"லீவு லெட்டர் குடுத்தனான் மிஸ்."

"எங்க?"

"கேற்றில."

தங்கச்சி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அந்த மிஸ் கணினியை விட்டு எங்கள் பக்கம் திரும்பினா. பிறகு மெதுவாகச் சொன்னா, "இது பள்ளிக்கூடமில்லை அக்கா. பதினாலு நாளுக்குள்ள மெடிக்கல் இங்க வரவேணும். எல்லாம் கைநூலில இருக்கு. முதல் நாளே தந்தவையே, கைநூல் கிடைக்கேல்லையோ?"

கிடைத்தது. கிடைத்த அன்றே அதற்கு மண்ணிறத் தாளில் உறை போட்டு, ஒரு பையில் சுற்றி, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். கம்பஸ் தந்த புத்தகம், அழுக்குப் படக்கூடாது என்று. அதை ஒரு நாளும் ஒருவரும் திறக்கவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தேன்.

"இதில நிண்டு கதைச்சு ஒண்டும் நடவாது," என்றா உத்தியோகத்தர். "மாடிப் படிக்குப் பின்னால ஒரு அறை இருக்கு. வீட்டில முதல் ஆளா கம்பஸ் வந்த பிள்ளைகளுக்கு எண்டு வைச்சிருக்கிறது. அங்க போங்கோ."

அந்த அறை எனக்குத் தெரியும். பிள்ளைகளைச் சேர்த்த அன்று பெற்றோருக்கு அதைக் காட்டினார்கள். கதவில் ஆலோசனை என்று எழுதியிருந்தது. நான் பயந்துபோய், "அந்தப் பக்கமே போயிடாத. பேர் கெட்டுப்போகும்," என்று அன்றைக்கே தங்கச்சியின் காதுக்குள் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தனி அறைக்குக் கூப்பிடப்படும் பிள்ளை ஏதோ பிழை செய்த பிள்ளை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளும் சொற்கேட்டு ஒரு வருடம் முழுக்க அந்தப் படியைச் சுற்றியே நடந்திருக்கிறாள்.

உள்ளே ஒரு விரிவுரையாளர் மேசையில் தாளை விரித்துப் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்களைக் கண்டதும் பணிஸைத் தள்ளி வைத்தா.

"இருங்கோ. ஆருக்குப் பிரச்சினை?"

"எனக்கு," என்றேன்.

"நீங்களோ படிக்கிறீங்கள்?"

"இல்லை மிஸ், இவ."

"அப்ப இவ சொல்லட்டும்."

நான் வாயை மூடினேன். தங்கச்சி முதலில் தன் விரல் நகத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். மிஸ் இடைக்கிடை "எத்தினையாம் தேதி?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டா. ஆஸ்பத்திரியால் வந்தபின் எத்தனை நாள் வீட்டில் என்று கேட்டா. பதினாறு. டொக்டர் எத்தனை நாள் சொன்னவர் என்று கேட்டா. இவள் திரும்பவும் நகத்தைப் பார்த்தாள்.

"ஏழு," என்றேன் நான்.

"மிச்சம் ஒன்பது நாள்?"

"அது என்ர பயம், மிஸ்."

அவ சிரிக்கவில்லை. ஒன்பது என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டா. பிறகு பேனையை வைத்துவிட்டு நிலைமையைச் சொன்னா. பட்டியலிலிருந்து எண்ணை எடுக்கத் தன்னால் ஏலாது. அடுத்த புதன்கிழமை ஒரு குழு கூடும், அதற்கு மேன்முறையீடு கொடுக்கலாம். ஆஸ்பத்திரி மெடிக்கல் வேண்டும், பிந்தியதானாலும் பரவாயில்லை. ஏன் பிந்தியது என்று தங்கச்சி தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். கூட்டத்தில் அவளே வந்து கதைக்க வேண்டும்.

"அழுதழுது எழுதாதேயும். தேதியை எழுதும். நடந்ததை எழுதும்."

"மெடிக்கல் வேண்டாமெண்டு அக்கா சொன்னதையும் எழுதவோ, மிஸ்?"

"அதுதானே நடந்தது? எழுதும்."

என் முகம் சுட்டது. மிஸ் அதைக் கவனித்திருக்க வேண்டும். "அக்கா, நானும் எங்கட வீட்டில முதல் ஆள். நூல்நிலையத்துக்குள்ள போக அதிபரிட்ட இருந்து கடிதம் வேணுமாக்கும் எண்டு நினைச்சு அரை வருசம் வெளியில நிண்டு கண்ணாடிக்குள்ளால பார்த்தனான். பள்ளிக்கூட அதிபரிட்ட இருந்து!" என்று சொல்லிவிட்டு மறுபடி பணிஸைக் கையில் எடுத்தா. "கேற்றில குடுத்த கடிதத்தையும் தேடிப் பாருங்கோ. அது மெடிக்கல் ஆகாது. ஆனா நீங்கள் ஒளிக்கேல்லை எண்டு காட்டும்."

கேற்றில் அதே பாதுகாவலர் நின்றார். கொப்பியைப் புரட்டப் பத்து நிமிடம் பிடித்தது. லீவு லெட்டர், முதலாம் வருடம், கொண்டுவந்தவர் அக்கா என்று எழுதி நேரமும் போட்டிருந்தார். கடிதம் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. தங்கச்சி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு நான் தனியாகப் போனேன். அன்றைய டொக்டர் மாற்றலாகிவிட்டார். விசேட வைத்தியர்தான் இனிக் கையெழுத்து வைக்கலாம், அவர் கிளினிக் திங்கட்கிழமை என்றார்கள். வெள்ளிக்கிழமை திரும்பவும் போய், தங்கச்சியின் கோப்பைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டுக் கந்தோருக்கு வந்தேன். தேத்தண்ணீரில் சீனி போட மறந்திருந்தேன் போல. எங்கள் கந்தோர் சாரதி கோப்பையோடு குசினிக்கு வந்தார்.

"என்ன, எல்லாருக்கும் சீனி வருத்தமெண்டு முடிவு பண்ணிட்டியளோ?"

சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்கோ இந்த ஓட்டம்? எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒருத்தர் இருக்கிறார். நீங்கள் கேக்கிற தேதியில தருவார். பதினாலு நாளுக்குள்ள குடுத்த மாதிரிப் பழைய தேதி. பதினாறு நாளும் போடுவார், இருபதும் போடுவார். நாளைக்கே கையில கிடைக்கும்."

இல்லை என்று நான் உடனே சொன்னதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்லுறன் என்றேன். திங்கட்கிழமை வைத்தியர் வராவிட்டால்? வந்தும் கையெழுத்து வைக்காவிட்டால்? வீட்டுக்குப் போய் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த தங்கச்சியிடம் மெல்லமாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"எனக்கு வந்தது டெங்குதானே?"

"ஓம்."

"ஐஞ்சு நாள் ஊசியோட கிடந்தனான்தானே?"

"ஓமடி."

"பிறகு எனக்கு ஏன் கள்ளக் காகிதம்? உண்மையான வருத்தம் எண்டு அண்டைக்குப் பெருசா டொக்டரிட்டச் சொன்னீங்கள்?"

"நாள் போகுதே. நீதானே விட்டிடுறன் எண்டனீ."

"அது செவ்வாய்க்கிழமை." சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "திங்கட்கிழமை நான் வாறன். நான் கதைக்கிறன். நீங்கள் பக்கத்தில இருங்கோ, காணும்."

சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து கைநூலை வெளியே எடுத்தாள். நான் போட்ட உறையை அவிழ்க்காமல், மேசையில் வைத்து, பரீட்சை பற்றிய பகுதியை இங்கிலிசில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். மெடிக்கல் பற்றி மூன்று பந்தி இருந்தது. அவ்வளவுதான். அரை மணித்தியால வேலை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே கிளினிக் வாசலில் கிடந்த நீட்டு மர வாங்கில் இருந்தோம். நோயாளர்கள் எல்லாம் முடியட்டும் என்றார் தாதி. பதினொரு மணிக்கு நான் எழும்பினேன், தங்கச்சி இருத்தினாள். ஒரு மணிக்கு எழும்பினேன், திரும்ப இருத்தினாள். கடைசி நோயாளி வெளியே வந்ததும் தாதி கூப்பிடுமுன் அவளே கதவைத் தட்டினாள். அட்டையை மேசையில் வைத்து, எந்தத் தேதி வந்தேன், எந்தத் தேதி போனேன், எதற்கு வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். வைத்தியர் கோப்பைப் புரட்டினார்.

"அண்டைக்கே கேட்டிருக்கலாமே?"

தங்கச்சி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே சொன்னேன். "கேட்டவர், டொக்டர். நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். மெடிக்கல் எண்டா பொய் சொல்லுற ஆக்கள் எடுக்கிறதெண்டு நினைச்சனான்."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நானும் கனநாள் அப்பிடித்தான் நினைச்சு எழுதிக்கொண்டிருக்கிறன்," என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாள், ஓய்வு ஏழு நாள் என்று எழுதினார். அவர் முத்திரையைத் தேடும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பதினாறு எண்டு போட ஏலாதோ டொக்டர்?"

மேசைக்குக் கீழே தங்கச்சி என் காலை மிதித்தாள்.

"ஏலாது," என்றார் வைத்தியர். முத்திரை குத்தினார்.

புதன்கிழமை கூட்டம் மேல் மாடியில். எனக்கு உள்ளே இடமில்லை. வெளி வாங்கில் இருந்தேன். பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு அம்மா, மடியில் மகளுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாசலோடு. அவவின் மகள் மூன்றாம் வருடம். படிக்குப் பின்னால் இருக்கும் அறையில் புதுப் பிள்ளைகளுக்கு உதவி செய்கிறவளாம். கூட்டத்துக்கு முதல் நாள் என் தங்கச்சியை அந்த அறையில் நிற்கவைத்து, அவளே குழுவைப்போல முறைத்துக்கொண்டு கேள்வி கேட்டுப் பழக்கியவளும் அவள்தான்.

"மகளா உள்ளுக்க?" என்று அந்த அம்மா கேட்டா.

"தங்கச்சி. மகள் மாதிரித்தான்."

"பயப்புடாதீங்க. நமக்கு ஒண்டும் தெரியாதுதானே. என்ட மகள் மொத வருசம் ஊட்டுக்கு வந்து மூணு கெழம நிண்டா. படிப்ப உட்டுட்டு வந்துட்டா, வெளிய சொல்றா இல்ல எண்டு நான் ஒரே அழுவ. அவட வாப்பா மாப்பிள்ளையும் பாக்கத் தொடங்கிட்டாரு. பொறகுதான் தெரியும், அது லீவாம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாங்கில் இருந்து சிரிப்பேன் என்று நான் நினைக்கவேயில்லை. "மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அவருக்கு வேற எடத்துல முடிஞ்சி. நல்ல காலம் அவருக்கு."

கதவு மூடியே இருந்தது. உள்ளே யாரோ ஆண் குரலில் ஏதோ கேட்பது கேட்டது. பிறகு தங்கச்சியின் குரல். சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் குரல் நடுங்கவில்லை. இடையில் உள்ளே ஒரு சிரிப்பு. கேற்றுக் கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது அதுதான். அவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த தேதியைச் சொன்னாளாம்.

முடிவை அன்று பின்னேரமே சொன்னார்கள். மெடிக்கலில் உள்ள பன்னிரண்டு நாளையும் ஏற்றுக்கொண்டார்கள். அதைக் கழித்துப் பார்த்தால் மூன்று பாடத்தில் அவளுக்கு எண்பதுக்கு மேல் வரவு இருந்தது. அந்த மூன்றையும் எழுதலாம். நாலாவது புள்ளிவிபரவியல். நான் மறித்து வைத்த ஒன்பது நாளும், மழைக்கு மறித்த நாட்களும் அந்தப் பாடத்து விரிவுரைகளில்தான் கூட விழுந்திருந்தன. அந்த ஒன்பது நாளுக்கு ஒரு கடதாசியும் இல்லை. அதை அடுத்த வருடம் கீழ் வகுப்போடு இருந்து திரும்பப் படிக்க வேண்டும். ஆனால் எழுதும்போது முதல் தரமாகவே கணக்கெடுப்பார்கள். வகுப்பு போகாது.

படிக்குப் பின்னால் இருக்கும் அறையில் மிஸ் இதை விளக்கி முடித்ததும், இப்படிக் கேட்டுப் பெற்றவர்கள் இந்த வருடம் குறைவு என்று சொன்னா. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பெடிச்சிக்குச் சொல்லுங்கோ, அவதான் உள்ளுக்க நிண்டவ," என்றுவிட்டு அடுத்துக் காத்திருந்த பிள்ளையைக் கூப்பிட்டா.

பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் வந்தோம்.

"நாலாவது என்னாலதான் போனது," என்றேன்.

"ஓம்," என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அது எனக்கு நல்லதாகவே பட்டது. இரண்டு தரிப்பிடம் கழித்து, "நானும் வகுப்புக்குப் போயிருக்கலாம்தானே. என்னைக் கட்டியோ வைச்சனீங்கள்? வீட்டில கிடக்க எனக்கும் சுகமாத்தான் இருந்தது," என்றாள்.

பரீட்சை நாட்களில் நான் கூடப் போகவில்லை. போகாமல் இருப்பதற்கு நான் பட்ட பாட்டை ஒருவருக்கும் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. மூன்றும் சித்தி. ஒன்றில் உயர்ந்த தரம்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தன்னிலும் சிறிய பிள்ளைகளோடு இருந்து புள்ளிவிபரவியல் படிக்கிறாள். முதல் நாள் கடைசி வரிசையில் இருந்தாளாம். கேள்வி கேட்பதற்கு அங்கிருந்து கத்த வேண்டியிருக்கிறது என்று இரண்டாம் கிழமை முன்னுக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் படிக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருக்கிறாள். முதலாம் வருடப் பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வியாக, கைநூல் எங்கே வைத்திருக்கிறீர் என்று கேட்பாளாம். அலுமாரியில் என்று சொன்னவர்கள் இதுவரை இரண்டு பேர்.

போன புதன்கிழமை விடியத் தொடங்கிய மழை விடவில்லை. எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அவள் போர்வைக்குள்ளிருந்து, "அக்கா, லேசாத் தலையிடிக்குது," என்றாள். என் கை தானாகப் போய் அவள் நெற்றியில் நின்றது. சூடு இல்லை. இருக்கிற மாதிரியும் இருந்தது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று தொண்டைவரை வந்தது.

"எழும்பு," என்றேன். "எட்டு மணிக்கு வகுப்பு. கூடினாக் கம்பஸில டொக்டர் இருக்கிறார், அங்கயே காட்டு."

எழும்பினாள். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளால் ரோட்டுக்கு நடந்தாள். பஸ் வந்த சத்தம் கேட்டது, போன சத்தமும் கேட்டது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.